தினமும் போஸ்ட் போடுகிறோம், ஆர்டர் வருவதோ மெசேஜில்: இரண்டு பேர் தொழிலுக்கு சோஷியல் மீடியாவில் எது போதும்?

நூல்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் தங்கையும் சேர்ந்து கையால் தைத்த நோட்டுப்புத்தகம், டைரி, ஆல்பம் செய்து விற்கிறோம். அட்டை வெட்டுவது, தைப்பது, பசை காயவைப்பது எல்லாம் அவள் வேலை. ஆர்டர் எடுப்பது, பேக் செய்வது, கூரியரில் போடுவது, கணக்கு எழுதுவது என் வேலை. கடை என்று தனியாக எதுவும் கிடையாது, முழுக்க ஆன்லைன்தான்.

ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பிசினஸ், யூடியூப் ஷார்ட்ஸ் என்று நாலு இடத்தில் இருக்கிறோம். "தினமும் ஒரு போஸ்ட் போட்டே ஆகவேண்டும்" என்று எல்லோரும் சொல்வதால் விடாமல் போடுகிறோம், போட்டோ எடுப்பதும் ரீல்ஸ் வெட்டி ஒட்டுவதும் பாதி நாளைத் தின்றுவிடுகிறது. லைக் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆர்டர் என்று பார்த்தால் பெரும்பாலும் யாராவது கமென்ட்டில் "விலை என்ன" என்று கேட்டு அப்புறம் மெசேஜில் பேசித்தான் முடிகிறது. அந்த மெசேஜ்கள் நாலு இடத்திலும் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று விட்டுப்போகிறது.

போன வாரம் ஒருவர் எங்கள் புதுப் போஸ்ட்டின் கீழே வந்து, தோழிக்குப் பரிசாக வாங்கிய டைரி மூலை நசுங்கி வந்திருக்கிறது என்று படத்தோடு போட்டுவிட்டார். கோபமாகத்தான் எழுதியிருக்கிறார். "அக்கா, அதை அழித்துவிடு, புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் ஓடிவிடுவார்கள்" என்கிறாள் தங்கை. எனக்கு மனம் வரவில்லை, ஆனால் என்ன பதில் எழுதுவது என்றும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் ஒருவர், மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால் ஃபாலோயர்ஸை ஏற்றித் தருகிறேன் என்று மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்புகிறார். அந்தப் பணத்தை பூஸ்ட்டில், அதாவது காசு கட்டிப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டுவதில் போடலாமா என்றும் ஒரு யோசனை. கையில் இருப்பது இரண்டு பேரின் நேரமும் கொஞ்சம் பணமும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பழைய_விற்பனையாளர் எழுதியது:

சகோ, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஆர்டர் எங்கே முடிகிறது? மெசேஜில். அப்படியென்றால் உங்கள் நேரத்தில் முதல் பங்கு மெசேஜுக்குப் போகவேண்டும், மிச்சம் இருப்பதுதான் போஸ்ட்டுக்கு. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், காலையில் உட்கார்ந்து ரீல்ஸ் எடிட் பண்ணுகிறார்கள், வாங்கத் தயாராகக் கேட்டவருக்கு ராத்திரி பதில் போகிறது. அதற்குள் அவர் வேறு யாரிடமாவது வாங்கியிருப்பார்.

தினமும் போட்டே ஆகவேண்டும் என்பதை முதலில் விடுங்கள். நீங்கள் போடுவது உங்கள் ஃபாலோயர்ஸ் எல்லோருக்கும் போய்ச் சேர்வதே இல்லை. இன்ஸ்டாகிராம் 2016லேயே நேர வரிசையை விட்டுவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று தானே கணித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டது. ஃபேஸ்புக்கில் 2018 ஜனவரியில் மார்க் ஜுக்கர்பெர்க் வெளிப்படையாகவே சொன்னார், இனி நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகள்தான் முன்னால் வரும், வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் குறையும் என்று. சொன்னபடியே நடந்தது. அதனால் எண்ணிக்கைக்காகப் போடுகிற போஸ்ட் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் போகிறது. வாரத்துக்கு இரண்டோ மூன்றோ போடுங்கள், ஆனால் பார்த்தவர் இன்னொருவருக்கு அனுப்பும்படி போடுங்கள். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே 2025 தொடக்கத்தில் சொன்னது இதுதான்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் போடுகிறார்களா, மற்றவருக்கு அனுப்புகிறார்களா, இந்த மூன்றையும்தான் முக்கியமாகக் கவனிக்கிறோம் என்று. உங்கள் தொழிலில் காட்டுவதற்கு நிறைய இருக்கிறது. தைக்கிற கை, நூல் போகிற விதம், டைரியை முழுசாக விரித்தால் தட்டையாகப் படுக்கிறதா என்பது, இதையெல்லாம் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். பண்டிகை வாழ்த்துப் படத்தை யாரும் யாருக்கும் அனுப்பப்போவதில்லை.

நாலு தளம் இரண்டு பேருக்கு அதிகம். கடைசியாக வந்த ஆர்டர்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஞாபகம் இல்லையென்றால் இனிமேல் வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்களை எங்கே பார்த்தீர்கள்" என்று ஒரு வரி கேளுங்கள். எது முதலில் நிற்கிறதோ அதை நன்றாக நடத்துங்கள். மற்றதை மூடவேண்டாம், பெயரை யாராவது எடுத்துக்கொள்வார்கள். பக்கத்தின் மேலேயே நிற்கும்படி ஒரு பதிவைப் பின் செய்து, "ஆர்டருக்கு இங்கே மெசேஜ் செய்யுங்கள்" என்று வழிகாட்டிவிட்டுப் போய்விடுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் அவற்றை நடத்துகிற மெட்டா கம்பெனியின் மெட்டா பிசினஸ் சூட் என்று ஒன்று இலவசமாகவே இருக்கிறது, இரண்டின் மெசேஜும் கமென்ட்டும் ஒரே இன்பாக்ஸில் வந்துவிடும், போஸ்ட்டையும் முன்கூட்டியே தேதி போட்டு வைத்துவிடலாம். இன்னொன்று, நீங்கள் ஃபாலோ செய்யாதவர் இன்ஸ்டாகிராமில் மெசேஜ் அனுப்பினால் அது "ரிக்வஸ்ட்" என்ற தனிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். புது வாடிக்கையாளர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். தினமும் திறந்து பாருங்கள்.

ஃபாலோயர்ஸ் விற்கிறவரை பிளாக் செய்யுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. வருவது எல்லாம் போலிக் கணக்கு, அவர்கள் பார்க்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள், தளங்களின் விதிக்கும் விரோதம். அமெரிக்காவில் வணிக ஆணையம் எஃப்டிசி கொண்டுவந்த விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, போலி ரிவ்யூவை விற்பதும் வாங்குவதும், பாட் என்கிற தானியங்கி நிரல் மூலம் ஏற்றிய ஃபாலோயர்ஸை வியாபாரத்துக்காக வாங்குவதும் அங்கே சட்டப்படியே தடை. தளங்களும் அவ்வப்போது போலிக் கணக்குகளைக் கூட்டித் தள்ளுகின்றன. கொடுத்த பணம் அதோடு போய்விடும்.

---

குறைகேட்பவள் எழுதியது:

வாடிக்கையாளர் சேவையில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில் அந்தக் கமென்ட் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அவசரமானது அதுதான்.

அழிக்காதீர்கள். தங்கையின் பயம் நியாயமானது, ஆனால் அழித்தால் அவர் சும்மா இருக்கமாட்டார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "கேட்டால் அழித்துவிடுகிறார்கள்" என்று இன்னொரு இடத்தில் போடுவார், அங்கே நீங்கள் பதில் சொல்லக்கூட முடியாது. ஃபேஸ்புக்கில் "மறை" என்று ஒரு வசதி இருக்கிறது, மறைத்தால் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அதை வசவுக்கும் ஸ்பாமுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் நசுங்கி வந்தது என்று படத்தோடு சொல்கிறவரை மறைக்கக்கூடாது, அவர் சொல்வது உண்மை.

புதிதாக வருகிறவர் அந்தக் கமென்ட்டைப் படித்துவிட்டு ஓடுவதில்லை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். பார்சல் வழியில் நசுங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நசுங்கினால் இவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். அதை அங்கேயே, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி காட்டுங்கள். முதல் பதில் பொதுவில், சுருக்கமாக. முகவரி, ஆர்டர் விவரம் எல்லாம் இன்பாக்ஸில். விஷயம் முடிந்த பிறகு மறுபடியும் அதே கமென்ட்டின் கீழே வந்து முடிந்துவிட்டது என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள், இன்பாக்ஸில் பிரமாதமாகத் தீர்த்துவைத்தது வெளியே ஒருவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

எழுதும்போது அவர் ஏற்கெனவே சொன்னதைத் திரும்பக் கேட்காதீர்கள். படம் போட்டிருக்கிறார், அதைப் பார்த்தோம் என்று சொல்லுங்கள். யார்மேல் தப்பு என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம். அவர் கோபத்தில் இன்னும் இரண்டு கமென்ட் போட்டாலும் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், பொதுவில் ஒருமுறை, அதிகமாகப் போனால் இரண்டுமுறை. அதற்குமேல் போனால் அது சண்டையாகத்தான் தெரியும்.

இதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் புகார் போடுகிறவர்களைத் தேடித்தேடி ஏமாற்றுகிற கும்பல் இருக்கிறது. உங்கள் படத்தையும் பெயரையும் போட்டு ஒரு போலிக் கணக்கு திறந்து, "ரீஃபண்ட் தருகிறோம், கார்டு எண் கொடுங்கள், ஓடிபி சொல்லுங்கள்" என்று அந்த வாடிக்கையாளருக்கு மெசேஜ் அனுப்புவார்கள். கமென்ட்டில் அவர் போன் நம்பரைப் போட்டுவிட்டால் அவர்களுக்கு வேலை சுலபம். அதனால் பொதுவில் போன் நம்பரோ முகவரியோ ஆர்டர் எண்ணோ கேட்காதீர்கள், அவரே போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் பதிலிலேயே "இந்தக் கணக்கிலிருந்து மட்டும்தான் பேசுவோம், ஓடிபி கேட்கமாட்டோம்" என்று சேர்த்தால் இன்னும் நல்லது.

கமென்ட்டில் "விலை என்ன" என்று கேட்டால் "இன்பாக்ஸ் பாருங்கள்" என்று பதில் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். வாங்குகிறவர்களுக்கு இது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்களோ என்று சந்தேகம்தான் வரும். விலையைப் போஸ்ட்டிலேயே எழுதுங்கள்.

---

நூல்கட்டு எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்தப் போலிக் கணக்கு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, தங்கையிடமும் படித்துக் காட்டினேன்.

விலையை வெளியே போடாததற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. அளவு, தாளின் கனம், அட்டையில் பெயர் பொறிப்பது இதையெல்லாம் பொறுத்து விலை மாறும், ஒரே விலை என்று சொல்ல முடியாது. அதோடு இதே மாதிரி செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற யோசனையும்.

வாட்ஸ்அப் பற்றியும் கேட்கவேண்டும். இதுவரை வாங்கினவர்கள் நம்பர் எல்லாம் என் போனில் இருக்கிறது. ஒரு குரூப் ஆரம்பித்து எல்லோரையும் சேர்த்துவிட்டால் புது டிசைன் வரும்போது ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். சரியாக வருமா?

---

மாலைநேரம் எழுதியது:

குரூப் வேண்டவே வேண்டாம். ஒருவருடைய நம்பர் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும், கேட்காமல் சேர்த்தால் பாதிப் பேர் அன்றைக்கே வெளியேறிவிடுவார்கள், மிச்சப் பேரில் யாராவது குட் மார்னிங் படம் போட ஆரம்பிப்பார்கள். உங்களிடம் வாங்கினார் என்பதற்காக விளம்பரம் அனுப்ப அனுமதி கொடுத்துவிட்டார் என்று அர்த்தம் ஆகாது. பார்சலோடு ஒரு சின்னச் சீட்டு வையுங்கள், "புது டிசைன் வரும்போது தெரிய வேண்டுமா? இந்த நம்பரைச் சேமித்துவிட்டு 'சரி' என்று அனுப்புங்கள்" என்று. அனுப்பினவர்களை மட்டும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போடுங்கள். நம்பரைச் சேமிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி மெசேஜாகப் போகும், யார் நம்பரும் யாருக்கும் தெரியாது.

அனுப்புவதையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் எரிச்சலில் "ஸ்பாம்" என்று புகார் கொடுக்க ஆரம்பித்தால் வாட்ஸ்அப் உங்கள் நம்பரையே முடக்கிவிடும், ஆர்டர் வருகிற நம்பர் போனால் தொழிலே நின்றுவிடும். மற்ற நாட்களில் ஸ்டேட்டஸ் போதும், விருப்பம் இருக்கிறவர் தானே வந்து பார்ப்பார்.

விலை மாறும் என்பதற்கு வழி: வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் என்று பொருள் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு அளவையும் ஒரு பொருளாகப் போட்டு அடிப்படை விலையைக் கொடுங்கள், பெயர் பொறிக்க இவ்வளவு கூடுதல், கனமான தாளுக்கு இவ்வளவு கூடுதல் என்று விளக்கத்தில் எழுதிவிடுங்கள். போட்டியாளருக்கு உங்கள் விலை தெரியவேண்டுமென்றால் வாடிக்கையாளர் மாதிரி ஒரு மெசேஜ் போட்டால் தெரிந்துவிடும், மறைத்து வைத்து யாரையும் தடுக்க முடியாது.

அதே செயலியில் குவிக் ரிப்ளை என்று 50 வரை எழுதி வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாளில் வரும், தாள் எவ்வளவு கனம், பேனா மை பின்பக்கம் தெரியுமா என்ற மாதிரி தினமும் கேட்கிற கேள்விகளுக்கு ஒருதடவை நிதானமாக, நன்றாக எழுதி வைத்துவிட்டால் ஒரு எழுத்தைத் தட்டி அனுப்பிவிடலாம். அனுப்புவதற்கு முன் அவர் பெயரையோ அவர் கேட்ட விவரத்தையோ ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், மெஷின் பேசுகிற மாதிரி இருக்காது. லேபிள் 20 வரை வைக்கலாம். "பணம் வரவேண்டும்", "தைத்துக்கொண்டிருக்கிறது", "அனுப்பியாச்சு", "குறை" என்று நாலு வைத்தாலே எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். செயலியை இன்னும் நாலு கருவிகளில் இணைக்கலாம், தங்கை போனிலும் போட்டுக்கொடுங்கள், தைக்கிறவரே தாளைப் பற்றிப் பதில் சொன்னால் அதன் மதிப்பே தனி.

வேலை நேரத்தைப் போட்டு, நீங்கள் இல்லாதபோது தானாகப் போகிற அவே மெசேஜ் வைத்துவிடுங்கள். "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று எழுதாதீர்கள், அது எதையும் சொல்லவில்லை. "இப்போது பட்டறை மூடியாச்சு, நாளை காலை 10 மணிக்குள் பதில் வரும்" என்று நேரத்தைச் சொல்லுங்கள். நேரம் தெரிந்தால் மனுஷன் காத்திருப்பான். கிரீட்டிங் மெசேஜ் தனியாக இருக்கிறது, அது முதன்முறை எழுதுகிறவருக்கும் 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து திரும்ப வருகிறவருக்கும் தானாகப் போகும், அதில் கேட்டலாக் லிங்க்கை வைத்துவிடலாம்.

சாட்பாட் (தானாகப் பதில் சொல்கிற நிரல்), ஏபிஐ (வாட்ஸ்அப்பை வேறு மென்பொருளோடு இணைக்கிற வழி) என்று யாராவது விற்க வந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது நிறைய ஆட்கள் உட்கார்ந்து பதில் சொல்கிற கம்பெனிகளுக்கு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் ஏபிஐயில் சுதந்திரமாகப் பேசலாம், அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கின டெம்ப்ளேட் மெசேஜ் மட்டும்தான் அனுப்ப முடியும். இரண்டு பேர் தொழிலுக்கு அந்தத் தலைவலி எதற்கு.

---

விளம்பரக்கணக்கு எழுதியது:

பூஸ்ட் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். பூஸ்ட் பட்டனைத் தட்டுவது சுலபம், ஆனால் கவனிக்காமல் தட்டினால் லைக் போடுகிற ஆட்களைத் தேடிப்பிடித்துக் காட்டிவிடும். லைக் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் வேறு, வாங்குகிற பழக்கம் உள்ளவர்கள் வேறு. உங்களுக்கு வேண்டியது மெசேஜ், ஆகவே நோக்கத்தை மெசேஜ் என்று தேர்ந்தெடுங்கள். தட்டினால் நேராக வாட்ஸ்அப்பில் உங்களோடு பேச ஆரம்பிக்கிற மாதிரி விளம்பரம் வைக்கலாம், மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் இதை இன்னும் நுணுக்கமாக அமைக்கலாம். ஏற்கெனவே காசு போடாமலே நன்றாக ஓடின பதிவை மட்டும் எடுங்கள். சொந்தமாக நிற்காத பதிவு பணம் போட்டாலும் நிற்காது.

ஐபோன் வைத்திருந்தால் செயலிக்குள்ளிருந்து பூஸ்ட் செய்யாதீர்கள். 2024ல் அமெரிக்காவில் தொடங்கி, ஐபோன் (ஐஓஎஸ்) செயலியில் செய்கிற பூஸ்ட்டுக்கு ஆப்பிள் 30 சதவீதம் சேவைக் கட்டணம் எடுக்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டரிலோ போனின் பிரவுசரிலோ போய்ச் செய்தால் அது கிடையாது.

ஆப்பிள் 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 கொண்டுவந்த பிறகு, ஒரு செயலி மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர வேண்டுமானால் உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும். பெரும்பாலானவர்கள் மறுத்துவிட்டார்கள். அதனால் "இந்த விளம்பரத்தால் இத்தனை விற்பனை" என்று திரையில் வருகிற கணக்கை அப்படியே நம்பவேண்டாம். மேலே பழைய_விற்பனையாளர் அண்ணன் சொன்ன "எங்கே பார்த்தீர்கள்" என்ற கேள்விதான் உங்கள் உண்மையான கணக்கு. விளம்பரத்துக்குப் போன மொத்தப் பணத்தை அதனால் வந்த ஆர்டர் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு டைரியில் உங்களுக்கு மிஞ்சுகிற லாபத்தைவிட அது அதிகமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற ரீச் எண் எவ்வளவு காட்டினாலும் சரி.

ஒரு இடத்தில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போக மாட்டேன். யூடியூபை ஓரம் கட்டாதீர்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், ரீல்ஸும் கொஞ்ச நாளில் அடங்கிவிடும். ஆனால் "நோட்டுப்புத்தகம் தைப்பது எப்படி", "மை ஊறாத தாள் எது" என்று தேடுகிற ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள், யூடியூப் தேடுகிற இடம். கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி ஐந்தாறு நிதானமான வீடியோ எடுத்துப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் ஆளைக் கொண்டுவரும். தினமும் ஷார்ட்ஸ் போடுவதை நிறுத்துங்கள், அதில் சம்மதம்.

ரீல்ஸில் சினிமாப் பாட்டு போடாதீர்கள். தனிநபர் கணக்குக்கு இருக்கிற பாட்டு உரிமை வியாபாரத்துக்கு இல்லை, ஒலியை நிறுத்திவிடுவார்கள் அல்லது வீடியோவையே தூக்கிவிடுவார்கள். மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் இலவசமாக இருக்கிறது, அல்லது நூல் இழுக்கிற சத்தமே போதும்.

---

பூட்டுசாவி எழுதியது:

எல்லோரும் வளர்ப்பதைச் சொன்னார்கள், நான் காப்பதைச் சொல்கிறேன். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. மூன்றும் ஒரே கம்பெனி. அன்றைக்கு ஆர்டர் வழி முழுவதையும் அங்கே வைத்திருந்தவர்கள் யாரிடமும் பேச முடியாமல் நின்றார்கள். அது ஆறு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கணக்கு பறிபோனால் அப்படித் திரும்பி வராது.

ஆகவே வாங்கினவர்கள் பெயர், நம்பர், ஈமெயில், என்ன வாங்கினார் என்பதை அவர்கள் சம்மதத்தோடு உங்கள் சொந்த ஷீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில். ஃபாலோயர்ஸ் பட்டியல் உங்களுடையது கிடையாது.

எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பு இன்றைக்கே போடுங்கள். "உங்கள் பக்கம் காப்புரிமையை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இங்கே அழுத்தி மேல்முறையீடு செய்யுங்கள்" என்று மெசேஜ் வரும், மெட்டாவின் சின்னம்கூட இருக்கும். அழுத்தி பாஸ்வேர்டைக் கொடுத்தால் பக்கம் போச்சு. உண்மையிலேயே இன்ஸ்டாகிராம் அனுப்பிய ஈமெயில் என்றால் செயலியின் செட்டிங்ஸில் அவர்கள் அனுப்பிய ஈமெயில்களின் பட்டியலிலும் இருக்கும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாரையாவது உதவிக்கு வைத்தாலும் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் ஒருவருக்கு எவ்வளவு அதிகாரம் என்று தனியாகக் கொடுக்கலாம், விலகும்போது எடுத்துவிடலாம்.

"ஷேர் செய்து நண்பர்களை டேக் செய்தால் ஒரு டைரி இலவசம்" என்று போட்டி வைக்கச் சொல்லி யாராவது யோசனை கொடுப்பார்கள். சொந்த டைம்லைனில் ஷேர் செய்யச் சொல்வதை ஃபேஸ்புக் விதி அனுமதிப்பதில்லை. கமென்ட்டில் பதில் எழுதச் சொல்வது போலத்தான் வைக்கவேண்டும். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுப்பதும் வேண்டாம், கூகுள் அதைத் தடை செய்திருக்கிறது. கூகுள் தேடலிலும் மேப்பிலும் தொழிலைக் காட்டுகிற கூகுள் பிசினஸ் புரொஃபைல் வேண்டுமா என்று கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது வாடிக்கையாளரை நேரில் சந்திக்கிற தொழிலுக்குத்தான், முழுக்க ஆன்லைன் என்றால் தகுதி கிடையாது.

---

நூல்கட்டு எழுதியது:

இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், மனம் நிறைந்துவிட்டது. எல்லாக் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டாச்சு. தினசரிப் போஸ்ட்டை நிறுத்துவதில் தங்கைக்குத்தான் பெரிய சந்தோஷம். கேட்டலாக் இந்த வாரம் முடிப்பேன். ஆர்டர்களை எழுதிப் பார்த்ததில் இன்ஸ்டாகிராமில் பார்த்து வாட்ஸ்அப்பில் முடிப்பவர்கள்தான் அதிகம், ஃபேஸ்புக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதனால் அங்கே ஒரு பதிவைப் பின் செய்துவிட்டு விடப்போகிறேன்.

அந்தக் கமென்ட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், இன்னும் போடவில்லை. குறைகேட்பவள் அக்கா ஒருதடவை பார்த்துச் சொல்ல முடியுமா?

"வணக்கம். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். நாங்கள் எப்போதும் நன்றாகத்தான் பேக் செய்கிறோம், கூரியரில்தான் இப்படி ஆகியிருக்கிறது. உங்கள் போன் நம்பரை அனுப்புங்கள், பேசுகிறோம். எங்களுக்குத் தொடர்ந்து ஆதரவு தாருங்கள்."

---

குறைகேட்பவள் எழுதியது:

போடாமல் கேட்டது நல்லது தோழி. கூரியர் வரியை எடுத்துவிடுங்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவர் கூரியரிடம் வாங்கவில்லை, உங்களிடம் வாங்கினார். கூரியரோடு உள்ள கணக்கை நீங்கள் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். "ஏற்பட்ட சிரமத்துக்கு" என்பதும் வேண்டாம், எந்தச் சிரமம் என்று சொல்லுங்கள். போன் நம்பர் கேட்கவேண்டாம், இன்பாக்ஸில் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். ஆதரவு கேட்கிற வரி இந்த இடத்தில் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேலே, என்ன செய்யப்போகிறீர்கள் என்பது இதில் இல்லவே இல்லை, அவர் தேடுவது அதைத்தான். புது டைரி அனுப்புவீர்கள் என்று நினைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன், தங்கையிடம் கேட்டுவிட்டு நாளை மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். படத்தைப் பார்த்தோம், அட்டையின் மூலை நசுங்கியிருக்கிறது. தோழிக்குக் கொடுக்க வாங்கிய பரிசு இப்படி வந்து சேர்ந்ததற்கு மன்னியுங்கள். புது டைரி தைத்து வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம், பணம் எதுவும் தரவேண்டாம். அதற்குள் பரிசு கொடுக்கிற நாள் வந்துவிடும் என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம், எது வேண்டும் என்று சொல்லுங்கள். இந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு இப்போது மெசேஜ் அனுப்பியிருக்கிறோம், கார்டு விவரமோ ஓடிபியோ கேட்கமாட்டோம்."

போஸ்ட் செய்வதற்கு முன்னால் இன்பாக்ஸ் மெசேஜை அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் கடைசி வரி பொய்யாகிவிடும். அவர் உங்களை ஃபாலோ செய்யாதவராக இருந்தால் அது அவருடைய ரிக்வஸ்ட் பெட்டிக்குத்தான் போகும், ஆகவே அங்கே பார்க்கச் சொல்லி ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை முடியாது என்று தங்கை சொன்னால் திங்கள் என்று போடுங்கள், ஆனால் சொன்ன நாளில் போய்விடவேண்டும். பார்சல் எண் கிடைத்ததும் அவருக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், அவர் கைக்குப் போனதும் அதே கமென்ட்டின் கீழே அந்த ஒரு வரி.